கனடாவிலிருந்து வந்த இரண்டு கண்கள்

என்னுடைய காருக்குக் கண்ணிமை உண்டு. நம்பாதவர்கள் திருகோணமலைக்கு வந்து பார்க்கலாம். பகலில் அதன் முன்பக்கம் பாய் விரித்த மாதிரித் தட்டையாகக் கிடக்கும். விளக்கு எங்கே என்று தேட வேண்டும். சுவிட்சைத் தட்டினால் இரண்டு மூடிகள் மெல்ல எழும்பும், உள்ளேயிருந்து இரண்டு வட்டக் கண்கள் உலகத்தைப் பார்க்கும். முதல் தடவை சந்தையடியில் நிறுத்தி இதைச் செய்து காட்டியபோது, மீன் வாங்க வந்த சனம் மீனை மறந்து நின்றது. ஜப்பான்காரன் முப்பது வருடத்துக்கு முன் செய்த சிவப்புப் பந்தயக் கார். இரண்டு கதவு, இரண்டு பேருக்கு மட்டும் இடம். புல்மோட்டையிலிருந்து மூதூர் வரைக்கும் இப்படி இன்னொன்று கிடையாது. விசாரித்துவிட்டுத்தான் எழுதுகிறேன்.

நான் ஐந்தாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவன். துறைமுகத்தில் கோதுமை மா மூட்டை சுமந்தேன். பிறகு லொறியில் கிளீனர், பிறகு சாரதி, பிறகு சொந்த லொறி. ஒன்று மூன்றாகி, மூன்றுக்கும் வேலை கொடுக்க ஒரு ஐஸ் களஞ்சியமும் வைத்தேன். யாருடைய சிபாரிசும் இல்லை, யாருடைய வாசலிலும் கைகட்டி நின்றதும் இல்லை. அப்படி வந்தவனுக்கு அறுபது வயதில் ஒரு பந்தயக் கார் ஓட்ட ஆசை வந்தால் அதில் என்ன பிழை? என் மனைவி பிழை என்றுதான் சொன்னா. ஆனாலும் கார் வந்த அன்றைக்கு அதற்குச் சந்தனமும் குங்குமமும் வைத்தது அவாதான்.

பத்து வருடம் ஒரு குறையும் இல்லாமல் ஓடியது. குறை வந்தது விளக்கில். துறைமுகக் காற்று உப்புக் காற்று. கட்டிலின் ஆணியைக்கூட விட்டுவைக்காது. விளக்குக்குள் இருக்கிற வெள்ளிப் பூச்சு பழைய தகரம் மாதிரிக் கறுத்துப் போனது. கண்கள் வழக்கம்போல் கம்பீரமாகத்தான் எழும்பும். ஆனால் எழும்பிய பிறகு அதிலிருந்து வருகிற வெளிச்சம், லாம்புச் சிமினியைத் துடைக்காமல் கொளுத்தி வைத்த வெளிச்சம்.

நான் அதைப் பெரிதாக எடுக்கவில்லை. இந்த ஊர் ரோட்டு எனக்குக் கண்ணை மூடினாலும் தெரியும் என்று சொல்லிக்கொண்டு திரிந்தேன். ரோட்டு தெரிந்தது சரிதான். மான் தெரியவில்லை.

வெளியூர் ஆட்களுக்கு இதைச் சொல்ல வேண்டும். எங்கள் ஊரில் மான் காட்டில் இருக்கிற சாமான் இல்லை. கோட்டைக்குள்ளே, கோணேசர் கோயிலுக்கு ஏறுகிற ரோட்டில், ஆடு மாடு மாதிரித் திரியும். பஸ்ஸைக் கண்டாலும் எழும்பாது. ஒரு வெள்ளிக்கிழமை பின்னேரப் பூசை முடிந்து நானும் மனைவியும் இறங்கி வந்தோம். பொழுதுபட்டு அப்போதுதான் இருட்டத் தொடங்கியிருந்தது. வளைவில் ஒரு கொம்பன் மான் நடு ரோட்டில் நின்றது. நான் அதைக் கண்டபோது என் காரின் மூக்கும் அதன் மூக்கும் ஒன்றையொன்று மணந்து பார்க்கிற தூரம். பிரேக்கை மிதித்தேன். மனைவியின் மடியில் இருந்த அர்ச்சனைத் தட்டு பறந்தது. தேங்காய்ப் பாதி என் காலடிக்கு வந்தது, விபூதி முழுவதும் கண்ணாடியில் அப்பியது, அவாவின் முழங்கால் டாஷ்போட்டில் இடிபட்டது. ஏற்கெனவே நோக்காடு உள்ள முழங்கால். மான் எங்கள் இருவரையும் ஒரு தடவை பார்த்துவிட்டு ஆறுதலாக நடந்து போனது.

வீடு வந்தோம். கதவைத் திறந்து, காலைத் தூக்கி வெளியே வைத்து, நிமிர்ந்த பிறகுதான் அவா சொன்னா.

“இஞ்சேருங்கோ, இருட்டினாப் பிறகு இனி நான் இந்தக் காரில ஏறமாட்டன்.”

அடுத்த நாள் விடிய முதலே கனடாவில் இருக்கிற மகளுக்கு விசயம் போய்விட்டது. மகள் வீடியோவில் வந்து, அப்பா உங்களுக்கு எழுபது வயசு, இது விளையாட்டுக் கார், வித்துப்போட்டு உயரமான சீற் உள்ள நல்ல வாகனம் ஒன்று வாங்குங்கோ, அம்மாவுக்கும் ஏறி இறங்கச் சுகம் என்று புத்தி சொன்னா. சொன்னதோடு நிற்கவில்லை. பழைய கார்களைச் சேர்க்கிற கொழும்பு ஆள் ஒருவரை இன்ரநெற்றில் தேடிப் பிடித்து, படமும் அனுப்பி, அவர் மூன்று கிழமை கழித்து ஒரு ஞாயிற்றுக்கிழமை வந்து எடுத்துப் போவதாக ஒழுங்கும் செய்துவிட்டா. ஒரு தாயும் மகளும் சேர்ந்தால் துறைமுகத்தையே விற்றுவிடுவார்கள்.

என் கண்ணில் பிழை இல்லை என்று வாதாடினேன். போன வருடம்தான் கண் ஆஸ்பத்திரியில் கடைசி வரியின் பொடி எழுத்துவரை வாசித்துக் காட்டினேன், டொக்டரே ஆச்சரியப்பட்டார். பிழை விளக்கில். விளக்கை மாற்றினால் எல்லாம் சரி. இதை மூன்று நாள் காலையும் மாலையும் சொன்னேன். நாலாம் நாள் அவா குசினியில் மீன் வெட்டிக்கொண்டே ஒரு தீர்ப்புச் சொன்னா. கொழும்பு ஆள் வருகிறதுக்கு முந்தின வெள்ளிக்கிழமை இரண்டு பேரும் ஒரு தடவை கோயிலுக்குப் போய், இருட்டின பிறகு திரும்பி வருகிறது. அவா பயப்படாமல் வீட்டு வாசலில் இறங்கினால் கார் நிற்கும். பயந்தால் ஞாயிற்றுக்கிழமை அது கொழும்புக்குப் போகும். இடையில் நான் கெஞ்சக்கூடாது, கோபிக்கவும் கூடாது.

நான் ஒத்துக்கொண்டேன். அந்தக் கார் போனால் எனக்குச் சாப்பாடு இறங்காது என்று அவாவுக்குத் தெரியும். எனக்கும் தெரியும். ஆனால் அதை இரண்டு பேரும் வாய்விட்டுச் சொல்லவில்லை.

கிண்ணியாவில், பாலம் தாண்டிய கையோடு, வயரிங் வேலை செய்கிற நானா ஒருவர் இருக்கிறார். முஸ்லிம் அண்ணன்மாரை நாங்கள் நானா என்றுதான் கூப்பிடுவோம். என் லொறிகளின் நரம்பெல்லாம் அவர் கை பட்டவை. மீன்பிடி வள்ளங்களுக்கும் அவர்தான் வயர் இழுப்பார். காரைக் கொண்டுபோய் விட்டேன். கண் இமையைத் திறந்து மூடி இரண்டு தரம் பார்த்து ரசித்துவிட்டு, எல்ஈடி பல்ப் போடலாம் என்றார். பழைய பல்பைவிடக் குறைய மின்சாரம் குடிக்கும், முப்பது வருட வயருக்கு அது நல்லது, வெளிச்சமோ பகல் மாதிரி வெள்ளை. ஆனால் பல்பை மட்டும் மாற்றிப் பிரயோசனம் இல்லை, வெள்ளி கறுத்த கண்ணாடிக் கூட்டையும் சேர்த்து மாற்ற வேண்டும் என்றார். அளவு ஏழு அங்குலம், வட்டம், பழைய ஜீப்புக்கும் இதே அளவுதான் என்று சொல்லி அலுமாரியிலிருந்து ஒரு சோடியை எடுத்துத் தூசி தட்டினார்.

நான் கையை ஆட்டினேன். ஜீப்பின் கண்ணை எடுத்து என் காருக்கு வைக்கிறதா? மனைவியின் தங்கையின் மகன், எனக்குப் பெறாமகன், அடுத்த கிழமை கனடாவிலிருந்து வருகிறான், அவனிடம் சொல்லிவிட்டேன், அங்கேயிருந்து முதல்தரச் சாமான் வரும் என்றேன். நானா ஜீப் கண்ணாடியைத் திரும்ப அலுமாரிக்குள் வைத்தார்.

கனடாவிலிருந்து ஒருவர் வருகிறார் என்றால் எங்கள் பக்கத்தில் ஒவ்வொரு வீட்டிலிருந்தும் ஒரு பட்டியல் போகும். சத்து மாத்திரை, சப்பாத்து, சொக்லேற், நோவுக்குப் பூசுகிற தைலம். அந்தத் தைலம் இங்கே சந்தியிலும் இருக்கும், ஆனாலும் கனடாத் தைலம் என்றால் நோ பயந்து ஓடும் என்று ஒரு நம்பிக்கை. சொக்லேற் முடிந்த பிறகும் தகரப் பேணியை முன் விறாந்தைக் கண்ணாடி அலுமாரியில் வைத்திருக்கிற வீடுகள் எனக்குத் தெரியும். அவர்களைப் பார்த்து நான் எத்தனையோ தரம் சிரித்திருக்கிறேன். இந்தத் தடவை என் பெயரும் பட்டியலில் இருந்தது.

பெறாமகன் வந்து பெட்டியைத் திறந்தான். இரண்டு சேலைக்கும் ஒரு குளிர்ச் சட்டைக்கும் நடுவில், பச்சைப் பிள்ளையைச் சுற்றிய மாதிரி இரண்டு கண்ணாடிக் கூடுகள். கண்ணாடியா பளிங்கா என்று சொல்ல முடியாத துப்புரவு. தனிப் பெட்டியில் இரண்டு எல்ஈடி பல்புகள், ஒவ்வொன்றின் பின்பக்கத்திலும் சூடு ஆற்ற விரல்நுனி அளவில் ஒரு சின்ன விசிறி. மனைவி தன் சேலையை எடுத்தா, நான் என் கண்களை எடுத்தேன். இரண்டு பேருக்கும் சந்தோசம். பெறாமகன் அன்றே யாழ்ப்பாணம் போய்விட்டான்.

நானாவுக்கு வேலை இரண்டு நாள் எடுத்தது. பல்பின் விசிறி பின்னால் நீண்டு நின்றதால் றப்பர் மூடியை வெட்ட வேண்டி வந்தது. வெட்டிப் பூட்டிய பிறகு இடது கண் பாதி திறந்து நின்றுவிட்டது. விசிறியின் வயர் கம்பியில் சிக்கியிருந்தது. அந்தக் கோலத்தில் என் கார் ரோட்டால் போகிறவர்களைப் பார்த்துக் கண்ணடிக்கிறது போல் இருந்தது. ஒரு ஆசிரியை குடையைத் தாழ்த்தி முகத்தை மறைத்துக்கொண்டு போனா. நானா வயரைத் தள்ளிக் கட்டி அதைச் சரிப்படுத்தினார்.

வேலை முடிந்து வெளிச்சத்தைச் சரிக்கட்டுகிற நேரம் வந்தது. நானா சொன்னார், காரை ஒரு வெள்ளைச் சுவருக்கு நேரே இருபத்தைந்து அடி தள்ளி நிறுத்த வேண்டும், அப்போதுதான் வெளிச்சம் எங்கே ஏறுது, எங்கே இறங்குது என்று பார்க்கலாம் என்று. நான் கேட்கவில்லை. என் வீடு உள்துறைமுகக் கரையில். நானாவையும் ஏற்றிக் காரை வீட்டுக்குக் கொண்டுவந்து, பொழுதுபட்ட மைமலில் கடலைப் பார்க்கத் திருப்பி நிறுத்தினேன்.

“இந்த லைட்டுக்குச் சுவர் போதாது நானா, கடல் வேணும்” என்றேன்.

“கடல்ல வெளிச்சம் விழுந்த இடம் எப்படி முதலாளி தெரியும்? தண்ணி எல்லாத்தையும் விழுங்கிப்போடும்” என்றார் அவர்.

சுவிட்சைத் தட்டினேன். இமை எழும்பியது. வெள்ளை வெளிச்சம் தண்ணீருக்கு மேலால் பாய்ந்து, நங்கூரம் போட்டிருந்த வள்ளத்தின் பெயர்ப்பலகையில் போய் நின்றது. இங்கேயிருந்து நான் அதை வாசித்தேன். ஐந்தாம் வகுப்புப் படித்தவன் இருட்டில் அறுநூறு அடி தூரத்தில் பெயர் வாசிக்கிறான். இதற்கு மேல் என்ன சோதனை வேண்டும்? நானா திருகாணிகளைச் சும்மா இரண்டு முறுக்கு முறுக்கி, தலையைச் சொறிந்துகொண்டு பஸ் ஏறினார்.

வெள்ளிக்கிழமை வந்தது. மனைவி அர்ச்சனைத் தட்டை இந்தத் தடவை ஒரு பைக்குள் வைத்துக் கட்டிக்கொண்டு ஏறினா. பூசை முடிந்தது. இருட்டு வந்தது. இமையைத் திறந்தேன்.

பொய் சொல்லக்கூடாது, நானே பயந்துபோனேன். கோட்டை ரோட்டு முழுவதும் பட்டப்பகல். ஆலமரத்து விழுதுகளை ஒன்று இரண்டு என்று எண்ணலாம். தூரத்தில் பச்சை மணிகள் மாதிரிச் சோடி சோடியாக ஏதோ மினுங்கியது. மான் கண்கள். எல்லாம் இருநூறு அடி தள்ளி. நான் ஆறுதலாகக் காரை நிறுத்தினேன், அவை ஆறுதலாக விலகின. மனைவியின் கை பையை இறுக்கவில்லை. ஓரக்கண்ணால் பார்த்துக்கொண்டுதான் ஓட்டினேன். கார் எனக்குத்தான் என்று அந்த இடத்திலேயே முடிவு கட்டிவிட்டேன்.

கோட்டை வாசல் தாண்டிக் கடற்கரை ரோட்டில் ஏறியதும் எதிரே ஒரு வேன் வந்தது. அது என்னைப் பார்த்து இரண்டு தரம் லைட் அடித்தது. பிறகு ஒரு லொறி. அதுவும் அடித்தது. ஒரு மோட்டார் சைக்கிள்காரன் கையைத் தூக்கினான். ஊரில் இந்தக் காரைத் தெரியாதவன் யார்? புதுக் கண்ணைக் கண்டு மரியாதை செய்கிறார்கள் என்று எனக்கு நெஞ்சு விம்மியது. நானும் ஒவ்வொருவருக்கும் திருப்பி லைட் அடித்தேன். மரியாதைக்கு மரியாதை. சிலருக்கு இரண்டு தரம் அடித்தேன்.

“அவை உங்களுக்குச் சலாம் போடுறதாத் தெரியேல்ல” என்று மனைவி மெதுவாகச் சொன்னா.

அப்போதுதான் எதிரே வந்த ஓட்டோ ஒன்று தடுமாறி, ரோட்டு ஓரத்து மணலில் இறங்கி நின்றது. நானும் நிறுத்தினேன். சாரதி இறங்கி வந்தார். என் வயதுக்காரர். ஒரு கையைக் கண்ணுக்கு மேலே பிடித்தபடி, மற்றக் கையால் என் காரின் என்ஜின் மூடியைத் தடவித் தடவி என் கதவடிக்கு வந்தார். அந்த வெளிச்சத்துக்கு அவருக்குக் கார் எங்கே முடிகிறது என்றுகூடத் தெரியவில்லை.

“ஐயா, நீங்கள் பார்க்கிறதுக்காக நாங்கள் குருடாகவோ?”

சத்தம் போடவில்லை. அப்படித்தான், ஒரு சந்தேகம் கேட்கிற மாதிரிக் கேட்டார். கண்ணிலிருந்து தண்ணீர் வடிந்தது. லொறிக்காரன், கிரேன்காரன், கப்பல்காரன் என்று எத்தனை பேரோடு வாய் கொடுத்து வென்றவன் நான். ஆனால் அன்றைக்கு மனைவிதான் குனிந்து, பிழைதான் அண்ணை, புது லைட், இன்னும் சரிவரேல்ல, குறை நினையாதேங்கோ என்று சொன்னா. ஓட்டோவின் பின்சீற்றில் ஒரு தாயும் கைப்பிள்ளையும் இருந்ததை நான் அப்போதுதான் கண்டேன். மிச்ச ரோட்டுக்கு இமையை மூடிவிட்டு, சின்ன லைட்டோடு, நடக்கிற வேகத்தில் வீடு வந்தேன்.

வாசலில் இறங்கினதும் கேட்டேன், பயந்தீரோ என்று. அவா பையை இறக்கி வைத்துவிட்டுச் சொன்னா.

“எனக்காகப் பயப்பிடேல்ல. எதிரில வாறவையளுக்காகப் பயந்தனான். அதுவும் பயம்தான். ஞாயிற்றுக்கிழமை அது போகட்டும்.”

நியாயம் என்று தெரிந்ததால் எனக்கு வாதாட ஏலாமல் போனது. கெஞ்சுகிறதில்லை, கோபிக்கிறதில்லை என்று வாக்கும் கொடுத்திருந்தேன். அன்று சாப்பாடு இறங்கவில்லை என்று நான் சொல்ல மாட்டேன். புட்டும் நண்டுக் குழம்பும் இருந்தது, ஓரளவு இறங்கியது.

விடிந்தால் சனிக்கிழமை. ஒரே ஒரு நாள்தான் கையில். நானாவுக்கு அழைப்பு எடுத்தேன், பாலம் தாண்டி மோட்டார் சைக்கிளில் வந்தார். காரை என் ஐஸ் களஞ்சியத்துக்குக் கொண்டுபோனோம். வெள்ளைக்காரன் காலத்துக் கட்டடம், முழங்கை அளவு தடித்த சுவர். இரும்புக் கதவை இழுத்துவிட்டால் பட்டப்பகலிலும் உள்ளே கும்மிருட்டு. கடைசிச் சுவர் வெள்ளையடித்த சுவர். இந்தத் தடவை நான் வாயைத் திறக்கவில்லை. நானா அளவு நாடா பிடித்து இருபத்தைந்து அடியில் காரை நிறுத்தினார், விளக்கின் உயரத்துக்குச் சுவரில் ஒரு கறுப்பு நாடா ஒட்டினார். மனைவி தேத்தண்ணிப் போத்தலோடு வந்து ஒரு கதிரையில் இருந்தா. விற்கப்போகிற சாமானைத் துடைத்துக் கொடுக்க வேண்டுமே, அதற்காக வந்தனான் என்று சொன்னா. கையில் துணியும் இருந்தது.

இமை எழும்பியது. சுவரில் வெளிச்சம் விழுந்ததும் மூன்று பேரும் பார்த்தோம். இடது பக்கம் நாடாவுக்குக் கீழே கோடு கிழித்த மாதிரி நேராக நின்றது. வலது பக்கத்தில் மட்டும், படிக்கட்டு ஏறுகிற மாதிரி வெளிச்சம் சரிந்து மேலே ஏறியது.

“வலது பக்கம் தூக்குது முதலாளி. எதிரில வாறவன்ட மூஞ்சி சரியா அந்த இடத்துலதான் இரிக்கி” என்றார் நானா.

திருகாணியை முறுக்கிக் கீழே இறக்கினார். எல்லாம் இறங்கியது, ஆனால் வலது பக்கம் ஏறிக்கொண்டேதான் இருந்தது. இன்னும் இறக்கினால் என் காலடிதான் தெரியும். பல்பைக் கழற்றி, அதன் வெளிச்சப் பொட்டுகள் இரண்டும் சரியாகப் பக்கவாட்டில் பார்க்கிறதா என்று பார்த்தார். சரியாக இருந்தது. இடது கூட்டை வலதுக்கும் வலதை இடதுக்கும் மாற்றிப் போட்டார். அதே படிக்கட்டு. மதியம் ஆகிவிட்டது. பல்ப் கூடாது என்றேன் நான். பல்ப் நல்லது, கூடுதான் கூடாது என்றார் அவர். கனடாக் கூட்டைக் கூடாது என்று சொல்ல நீர் யார் என்று நான் கேட்டுவிட்டேன். கேட்டது பிழை. நானா கோபத்தைக் காட்டாமல் தேத்தண்ணியைக் குடித்தார்.

மனைவி கதிரையில் இருந்தபடியே சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தா. மகளின் பிள்ளைப்பேற்றுக்கு அவா கனடாவுக்குப் போய் ஆறு மாதம் நின்றவ. எனக்கு விசா தரவில்லை. நான்தான் போக விரும்பவில்லை என்று ஊரில் சொல்லிவைத்திருக்கிறேன், அது வேறு கதை.

“அங்க நான் போன முதல் நாள்,” என்று தொடங்கினா, “முன் சீற்றில ஏறப்போய்ச் சாரதிக் கதவைத் திறந்தனான். மருமகன் சிரிச்சவர். அங்க எல்லாம் மறுபக்கமல்லே. அவை ரோட்டில வலப்பக்கத்தாலதானே ஓடுறவை.”

நானா தேத்தண்ணிக் கோப்பையைக் கீழே வைத்தார். நானும் சுவரைப் பார்த்தேன். பிறகு இரண்டு பேரும் ஒருவரையொருவர் பார்த்தோம்.

விளக்குச் செய்கிறவன் மடையன் இல்லை. ரோட்டு ஓரத்தில் நடக்கிறவனும் பலகையும் தெரியவேண்டும் என்று ஓரப் பக்கத்து வெளிச்சத்தைக் கொஞ்சம் உயர்த்தி விடுகிறான். எங்களுக்கு ரோட்டு ஓரம் இடது பக்கம். அவர்களுக்கு வலது. அவர்களுடைய ஓரம் இருக்கிற இடத்தில்தான் எங்களுக்கு எதிரே வருகிறவனின் முகம் இருக்கிறது. ஒரு சாமானிலும் பிழை இல்லை. அது தன் ஊருக்குச் சரியான கண். என் ஊருக்கு மாறுகண்.

நாற்பது வருடம் லொறி ஓட்டினவன், இந்த மாவட்டத்து ரோட்டுகளின் ஒவ்வொரு பள்ளத்துக்கும் பெயர் வைத்தவன், எனக்கு அது தோன்றவில்லை. கார் ஓட்டவே தெரியாத மனுசிக்குத் தோன்றியது. பிறகு கொஞ்ச நாள் சந்தையில் அதை நான்தான் கண்டுபிடித்ததாகச் சொல்லித் திரிந்தேன். எழுத்தில் வரும்போது உள்ளதை எழுத வேண்டும்.

நானாவிடம் ஜீப் கண்ணாடியைப் பற்றி எப்படிக் கேட்கிறது என்று நான் முழித்துக்கொண்டிருக்க, அவரே எழும்பி மோட்டார் சைக்கிளை உதைத்தார். ஒரு மணித்தியாலத்தில் அந்தத் தூசி பிடித்த சோடியோடு வந்தார். என்னை ஒரு வார்த்தை குத்திக் கதைக்கவில்லை. அதுதான் கூடக் குத்தியது. கனடாப் பல்புகளை அதற்குள் பூட்டி, இமையைத் திறந்தார். சுவரில் வெளிச்சம் வலப்பக்கம் கோடாக நின்று, இடப்பக்கம் ஏறியது. ஒரு கை அகலம் கீழே இறக்கி முறுக்கினார்.

“இப்ப சரி முதலாளி. உங்கட கடலையும் நீங்க வெச்சிக்கலாம்” என்றார்.

நான் மனைவியைத் திரும்பிப் பார்த்தேன். வாக்குப்படி கெஞ்சக்கூடாது. ஆகவே ஒன்றும் கேட்காமல், கையைப் பின்னால் கட்டிக்கொண்டு நின்றேன். கைகட்டி நின்றதே இல்லை என்று மேலே எழுதியிருக்கிறேன். இந்த ஒரு தடவையைக் கழித்துவிடுங்கள்.

“இண்டைக்குப் பின்னேரம் பார்ப்பம்,” என்றா அவா. “ஆனா நான் உங்களோட வரமாட்டன். எதிரில வாறன்.”

முதலில் எனக்கு விளங்கவில்லை. அவா விளங்கப்படுத்தினா. உள்ளே இருந்து பார்க்கிறவனுக்கு எந்த லைட்டும் நல்லதுதான். எதிரே வந்து பார்த்தால்தான் அதன் குணம் தெரியும். பொழுதுபட்ட பிறகு அவா ஒரு ஓட்டோ பிடித்து கடற்கரை ரோட்டின் அந்தத் தலைப்பிலிருந்து வருவா. நான் இந்தத் தலைப்பிலிருந்து போக வேண்டும். எந்த ஓட்டோ என்று சொல்ல மாட்டா.

அப்படியே நடந்தது. மைமல் இருட்டில் ரோட்டின் இந்தத் தலைப்பில் காரை நிறுத்தி, இமையைத் திறந்துவைத்துக் காத்திருந்தேன். சட்டையின் முதுகு நனைந்திருந்தது. துறைமுகத்தில் கிரேன் கயிறு அறுந்து மூட்டைகள் தலைக்கு மேலால் வந்த நாளிலும் எனக்கு இப்படி வேர்க்கவில்லை. ஓட்டத் தொடங்கினேன். பந்தயக் கார் என்று பெயர், எருமை வண்டி என்னை முந்தியிருக்கும். ஒரு வேன் வந்தது. லைட் அடிக்கவில்லை. ஒரு பஸ் வந்தது. அதுவும் அடிக்கவில்லை. ஒருவரும் எனக்கு மரியாதை செய்யாதது அவ்வளவு சந்தோசமாக இருக்கும் என்று நான் நினைத்ததே இல்லை.

ஓட்டோ ஒன்று வந்தது, போய்விட்டது. இன்னொன்று வந்தது, அதுவும் போய்விட்டது. அவா அதற்குள் இருந்து, கண் கூசி, வீட்டுக்கே போய்விட்டாவோ என்று கண்ணாடியில் பின்னால் பார்த்தேன். மூன்றாவது ஓட்டோ தூரத்திலேயே வேகத்தைக் குறைத்தது. கிட்ட வந்து, ஓரம் கட்டி நின்றது. நானும் நின்றேன். பின்னால் இருந்து சேலையைச் சரிசெய்தபடி அவா இறங்கினா. கனடாவிலிருந்து வந்த புதுச் சேலை. என்னிடம் வராமல் முதலில் ஓட்டோச் சாரதியிடம் குனிந்து கேட்டா.

“தம்பி, அந்தக் காரின்ர லைட் உங்களுக்குக் கண் கூசினதோ?”

அவன் திரும்பி என் காரை ஒரு தடவை பார்த்தான். “இல்லையம்மா. என்ர லைட்டிலதான் எனக்குப் பள்ளம் தெரியிறேல்ல. அந்தாள் வந்த வெளிச்சத்திலதான் இப்ப நான் ஓடினனான்.”

அவா காசைக் கொடுத்து அவனை அனுப்பிவிட்டு, ரோட்டைக் குறுக்காகக் கடந்து வந்தா. என் காரின் வெளிச்சத்துக்கு நடுவால்தான் வந்தா. முழங்காலைப் பிடித்துக்கொண்டு, முகத்தைச் சுளிக்காமல், என்னை நேரே பார்த்தபடி. கதவைத் திறந்து, அந்தப் பதிந்த சீற்றில் மெல்ல இறங்கி இருந்தா. இது சீற்றோ, கிணறோ என்று முணுமுணுத்தா. பிறகு கையை நீட்டினா.

“ஃபோனைத் தாங்கோ. கொழும்பு ஆளின்ர நம்பரை எடுத்துத் தாங்கோ.”

எடுத்துக் கொடுத்தேன். அந்தப் பக்கம் அந்த மனுசன் நாளைக்கு விடியற்காலை புறப்படுகிறதாக ஏதோ சொல்லியிருக்க வேண்டும். அவா பொறுமையாகக் கேட்டுவிட்டுச் சொன்னா.

“வராதேங்கோ தம்பி. கார் விக்கிறதுக்கு இல்ல. லைட் இப்பதான் சரிவந்தது. ஓம், இருட்டில கோயிலுக்குப் போக எனக்கு ஒரு வாகனம் வேணும்தானே.”

ஃபோனை என் மடியில் போட்டா. நான் இன்னும் காரை எடுக்காமல் இருந்தேன்.

“என்ன பார்க்கிறியள்? எடுங்கோ,” என்றா. “மகளுக்கு நீங்கள்தான் சொல்லவேணும்.”